துவக்குப் பூட்டாத ரோபோ

“அண்டைக்குத் துவக்குப் பூட்டியிருந்தா நாங்க வெண்டிருப்பம்,” என்றாள், வெள்ளவத்தையில் பஸ் ஏறி எனக்கு முன்னால் இருந்த பெண். கெம்பஸில் படித்த காலத்தில் அவளும் பக்கத்தில் இருந்த தோழியும் பாதுகாப்புத் தொழில்நுட்பப் போட்டி ஒன்றுக்கு ரோபோ செய்து, அதில் துப்பாக்கி பூட்டாமல் தோற்றிருக்கிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

“நடுவரே பூட்டச் சொல்லிக் கேட்டவர். நீதான் மாட்டன் எண்டனீ,” என்றாள் தோழி.

“அது மிதிவெடி தேடச் செய்த ரோபோ. என்ட அப்பாக்குக் கால் போனதே மிதிவெடியில.”

“மூண்டு மாசம் நான் உன்னோட கதைக்கேல்ல.”

“ஓம். இப்பவும் கோவமா?”

“இல்லையடி. அதுக்குப் பிறகு எத்தினையோ மெஷின் செய்திட்டன். மகளுக்குப் படம் காட்டிக் கதை சொல்லுறது அதைப் பற்றி மட்டும்தான்.”

“படம் இருக்கா? என்னட்ட ஒண்டும் இல்ல.”

கொட்டாஞ்சேனை வரும்வரை இருவரும் ஒரே போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.