கார்பன் மட்டையும் இடது மூலையும்

மேசைப்பந்து மட்டையைப் பற்றி நேர்மையாக எழுதுகிறவர்கள் குறைவு. வாங்கியவன் புகழ்வான், வாங்க முடியாதவன் திட்டுவான். நான் ஆடிப் பார்க்காமல் ஒரு வரிகூட எழுதியதில்லை. நீங்கள் கேட்டது கண் பரிசோதனைக் கார்டைப் பற்றி என்பது தெரியும், மேடம். ஆனால் மட்டையில் தொடங்கினால்தான் கார்டுக்கு வர முடியும்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பதினாறு வருடமாகக் கண்ணாடிக் கடை நடத்துகிறேன். கண் பரிசோதிக்கப் படித்து உரிமம் வாங்கியவன். சனிக்கிழமை காலைகளில் பின் தெரு மண்டபத்தில் ஆடுவேன். ஆட்டம் நடுத்தரம். அதையும் தாராளமாகச் சொல்வதாக லோகன் சொல்வான். எங்கள் வாட்ஸ்அப் குழுவை நடத்துகிறவன் அவன்தான். இருநூற்றுப் பதினான்கு பேர். மட்டை விமர்சனங்களை அங்கேதான் எழுதுவேன்.

போன வருடம் அந்தக் கார்பன் மட்டையை வாங்கினேன். பெயர் வேண்டாம், விளம்பரமாகிவிடும். ஐந்து அடுக்கு மரம், இடையில் இரண்டு அடுக்கு கார்பன் நார், எண்பத்தாறு கிராம். வெறும் மர மட்டையில் பந்து கொஞ்சம் தங்கி யோசித்துவிட்டுப் போகும். இதில் யோசிப்பதே இல்லை. முதல் சனிக்கிழமை என் பந்துகள் மேசையைத் தவிர எல்லா இடத்திலும் விழுந்தன. ஒன்று பிள்ளையார் படத்து மாலையில் மாட்டிக்கொண்டது. இன்னொன்று லோகன் குடித்துக்கொண்டிருந்த தே தாரிக் டீயில் மிதந்தது. என்னைப் போன்றவன் இந்த மட்டையை வாங்குவது, பாசாருக்குக் கீரை வாங்கப் போய்வர ரேஸ் கார் வாங்குவது மாதிரி.

சோதனை ஒழுங்காக நடக்க ஒரே எதிராளி வேண்டும். எனக்கு அது விநாயகமூர்த்தி அங்கிள். வயது அறுபத்தாறு. அரசாங்கத்தில் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கிள்ளானில் மகள் ஜெயமாலாவோடு இருக்கிறார், ரயிலில் வருவார். அவர் அடிக்கவே மாட்டார். மேசையிலிருந்து இரண்டடி பின்னால் நின்று, எது வந்தாலும் சீவித் திருப்பி அனுப்புவார். அதுவரை ஏழு வருடத்தில் அவரை நான் வென்றது இரண்டு தடவை. அதில் ஒரு தடவை அவருக்குக் காய்ச்சல். ஜெயித்துவிட்டு, பந்தைச் சட்டையில் துடைத்து என் கையில் கொடுத்து, நன்றாக ஆடினீர்கள் தம்பி என்பார். சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஐந்தாவது வாரம், அவருடைய இடது மூலைக்கு அடித்த பந்துகள் திரும்பி வரவில்லை. பதினொன்றுக்கு ஆறு என்று ஜெயித்தேன். அடுத்த வாரம் பதினொன்றுக்கு நான்கு. விமர்சனம் எழுதினேன். நேர்க்கோட்டில் அடித்தால் எதிராளிக்கு அசைய நேரமில்லை, வேகம் பத்துக்கு ஒன்பது என்றேன். சுங்கை பூலோவில் ஒருவர் இரண்டு மட்டை தருவித்தார். ஸ்ரீ கெம்பாங்கானில் என்னை வந்து ஆடிக் காட்டச் சொன்னார்கள். லோகன்கூட என்னை மாஸ்டர் என்று கூப்பிட்டான்.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை அங்கிள் கடைக்கு வந்தார்.

"தம்பி, இடது பக்கம் அடிக்கிற சத்தம் கேட்குது, பந்தைக் காணோம்."

"கார்பன் அங்கிள். வேகம் அப்படி."

"நேத்து ஸ்டேஷன்ல தூண்ல போய் இடிச்சிட்டேன். தூண் கார்பன் இல்லையே லா."

உட்கார வைத்துப் பார்த்தேன். கண்ணுக்குள் அழுத்தம் இருபத்தொன்றுக்குள் இருக்க வேண்டும். அவருக்கு இடது கண்ணில் முப்பத்து நான்கு, வலது கண்ணில் இருபத்தெட்டு. கண் நரம்பு வெளுத்திருந்தது. இடது பக்கத்து ஓரப் பார்வை இரண்டு கண்ணிலும் தேயத் தொடங்கியிருந்தது. கிளாக்கோமா. இந்த நோய் வலிக்காது. போன பார்வை திரும்பாது, ஆனால் சொட்டு மருந்து போட்டால் மிச்சத்தைப் பெரும்பாலும் காப்பாற்றலாம். மருத்துவமனைக்கு ஒரு கடிதம் எழுத ஐந்து நிமிடம் ஆகும். தாளை எடுத்தேன், தேதியும் போட்டேன்.

அப்போதுதான் விமர்சனம் ஞாபகம் வந்தது. கடிதம் போனால் ஒரு வாரத்தில் குழுவுக்குத் தெரிந்துவிடும். வேகம் மட்டையில் இல்லை, அங்கிளின் கண்ணில் என்று லோகன் எழுதுவான். ஆகஸ்டில் கிள்ளான் போட்டி வேறு இருந்தது. தவிர, சோதனை நடுவில் எதிராளியை மாற்றக்கூடாது. மருந்து போட்டால் அவர் ஆட்டம் மாறிவிடும், அல்லது கண் இதற்கு மேல் தேயாமல் நின்றுவிடும். இரண்டும் சோதனையைக் கெடுக்கும்.

கார்டில் இரண்டு கண்ணுக்கும் பதினேழு என்று எழுதினேன். பதினேழு நல்ல எண். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

வயதுதான் அங்கிள், புதுக் கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்றேன். அவருக்கு நிம்மதி. கார்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நீங்க சொன்னா சரி தம்பி," என்றார். கண்ணாடிச் சட்டம் நல்லதாகவே பார்த்துக் கொடுத்தேன்.

போட்டி முடிந்ததும் சொல்லலாம் என்று இருந்தேன். அரையிறுதியில் அவரை வென்றேன். பிறகு ஆறு மாத விமர்சனம் எழுதிவிட்டுச் சொல்லலாம் என்று தோன்றியது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் எந்த இடத்தில் பந்தைத் தவறவிடுகிறார் என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். முதலில் மூலை மட்டும். தீபாவளிக்குள் ஒரு சாண். தைப்பூசத்துக்குப் பிறகு மேசையின் இடது பாதி. எந்தக் கோணத்தில் பார்வை முடிகிறது என்பதை, கடையில் இருக்கும் விலையுயர்ந்த கருவியைவிட என் மட்டை துல்லியமாகக் காட்டியது. இதைக் குழுவில் எழுத முடியவில்லை. மட்டை கைக்குப் பழகிவருகிறது என்று எழுதினேன்.

அதற்குள் அங்கிள் இன்னும் இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும் பதினேழுதான்.

மார்ச்சில் ஒரு காலை, கிள்ளானில் மீன் வாங்கப் போனவர் சாலையைக் கடந்திருக்கிறார். இடப்பக்கமிருந்து மோட்டார் சைக்கிள். கால் முறிந்தது. காலைப் பார்த்த டாக்டர் கண்ணையும் பார்த்திருக்கிறார். இடது கண் முழுதாகப் போய்விட்டது.

ஜெயமாலா கடைக்கு வந்து மூன்று கார்டுகளையும் மேசையில் வரிசையாக வைத்தாள்.

"அப்பா இன்னும் உங்களைத்தான் நம்புறாரு. ஜெயராஜ் தம்பிக்கே தெரியலேன்னா யாருக்குத் தெரியும்னு கேட்குறாரு," என்றாள். கடைசிக் கார்டின் எண்ணில் விரலை வைத்தாள். "நீங்க சொல்லுங்க. தெரியலையா, தெரிஞ்சும் எழுதலையா?"

கருவி பழுதாக இருந்திருக்கலாம் என்றேன். அவள் கார்டுகளை எடுத்துக்கொண்டு போய்ப் புகார் கொடுத்துவிட்டாள். அதனால்தான் இன்று என்னை விசாரிக்க நீங்கள் என் எதிரே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

கருவி பழுதில்லை, மேடம். இடது கண்ணில் முப்பத்து நான்கு, முப்பத்தேழு, நாற்பத்தொன்று. மூன்று தடவையும் சரியாகத்தான் காட்டியது. உண்மையான எண்கள் மட்டை நோட்டில், அந்தந்த வார ஆட்டக் கணக்குக்குப் பக்கத்தில் இருக்கின்றன. பார்த்தேன், தெரிந்தது, தெரிந்தே பதினேழு என்று எழுதினேன். யாரும் சொல்லி அல்ல.

ஒன்றை மட்டும் பதிவு செய்துகொள்ளுங்கள். அங்கிளுக்கு வலது கண்ணில் பாதிப் பார்வை மிச்சமாம், வலது பக்கம் இன்னும் நன்றாகத் தெரிகிறதாம். ஜூலைக்குப் பிறகு அந்தப் பக்கம் நான் ஒரு பந்துகூட அடித்ததில்லை.