இறுவட்டின் கடைசி வாசிப்பு

முன்பற்கள் இருக்கும்வரைதான் ட்றம்பெற் ஊதலாம், ஐயா. எனக்கு இன்னும் ஒன்றும் விழவில்லை. அதனால்தான் குருநகரில் எங்கள் பாண்ட் குழுவை இந்த வயதிலும் நானே நடத்துகிறேன்.

பிரான்சில் இருக்கிற எங்கள் ஊரவர்கள் எங்கள் வாசிப்பைப் பதிந்து ஒரு இறுவட்டு கேட்டார்கள். பெருநாள் பவனி, கலியாணம், ஆயர் வரவேற்பு, கடைசியில் செத்தவீடு என்று நாங்கள் வாசிக்கிற எல்லாம் அதில் இருக்க வேண்டும். மற்றவையெல்லாம் அருமையாகப் பதிவாகின. செத்தவீட்டு வாசிப்புத்தான் வரவில்லை. ஒலிப்பதிவு செய்த கீர்த்திகன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டுச் சொன்னான்.

"அண்ணை, பிரேதம் எழும்பி ஆடப்போகுது."

குழுப் பெடியன்மாரைப் பட்டினி போட்டுப் பார்த்தேன். செத்துப்போன தாய் தகப்பனை நினைக்கச் சொன்னேன். பெரிய மேளம் அடிக்கிற எமில்ராஜ் ஏதாவது பகிடி விடுவார், எல்லாம் கெட்டுவிடும். ஒருநாள் அவர்தான் சொன்னார்.

"உண்மையா ஆரும் செத்தால்தான் உது சரிவரும், அண்ணை."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நல்ல யோசனையை யார் சொன்னாலும் நான் மதிப்பேன்.

ஆளைத் தெரிவு செய்வதில் நான் பாரபட்சம் பார்க்கவில்லை. என்னைப் பற்றியும் யோசித்தேன். நான் போனால் குழுவை நடத்த ஆளில்லை. தவிர, எனக்காக அவர்கள் அழுவார்கள் என்று உறுதியாகச் சொல்லவும் முடியாது. எமில்ராஜுக்கு எல்லாரும் அழுவார்கள். எனக்கும் அவரில் சரியான விருப்பம்.

பெருநாளுக்குக் கோயில் கோபுரத்தில் லைற் கட்ட அவர் ஏறினார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்.

"இறுக்கிப் பிடியுங்கோ அண்ணை."

"ஓம்" என்றேன். பிறகு கையை எடுத்தேன். ஏணி தானாகச் சரியவில்லை, காலால் தள்ள வேண்டியிருந்தது.

ஒன்றைத்தான் நான் யோசிக்காமல் விட்டுவிட்டேன். அழுகிறவனுக்கு உதடு நடுங்கும். நடுங்குகிற உதட்டால் பித்தளை வாத்தியம் ஊத முடியாது. எமில்ராஜின் செத்தவீட்டன்று கோயில் வாசலைத் தாண்டுவதற்குள் ஒவ்வொருவராக வாத்தியத்தை இறக்கிவிட்டார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இத்தனை பாடுபட்டது இதற்காகவா? நான் அதட்டுவதைக் கண்டு, பெட்டிக்குப் பின்னால் வந்த எமில்ராஜின் மனைவி என் கையைப் பிடித்தாள்.

"விடுங்கோ அண்ணை. பாவங்கள், அதுகளால ஊத ஏலாது."

சேமக்காலை வரைக்கும் நான் தனியே ஊதினேன். அவரைக் குழியில் இறக்கும்போதுகூட ஒரு சுரம் பிசகவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்த கீர்த்திகன் என் வாயையே பார்த்துக்கொண்டு வந்தான். உங்களிடம் வந்து சொன்னவன் அவனாகத்தான் இருக்கும்.

ஏணியைத் தள்ளியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கடைசி வாசிப்பையும் ஒருமுறை போட்டுக் கேளுங்கள். எமில்ராஜுக்காகக் கடைசிவரை வாசித்தது யார் என்று தெரியும். மற்றவர்களுக்கு அவரில் அவ்வளவு அன்பு இல்லை, ஐயா. சும்மா அழுதுகொண்டு நின்றார்கள்.