அடையில் வைத்த பாலம்

உங்கள் அலுவலகத்துப் பேனாக்கள் நன்றாக எழுதுகின்றன. எங்கள் கட்சி அலுவலகத்தில் பத்துப் பேனா எடுத்தால் ஒன்றுதான் எழுதும், மிச்சத்தை உதறி உதறியே கை ஓய்ந்துவிடும். வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்றதற்கு நீங்கள் மறுப்புச் சொல்லவில்லை, நன்றி. வேறு யாராவது எழுதினால் முன்னது பின்னதாகிவிடும். எதை முதலில் வைப்பது, எதைப் பின்னால் தள்ளுவது என்பதுதான் இருபத்திரண்டு வருஷமாக என் வேலை.

நாடாளுமன்றக் கூட்டத்தொடர் தொடங்குமுன், எங்கள் கட்சி அங்கே என்னென்ன எழுப்ப வேண்டும் என்று பட்டியல் போடுகிறவன் நான். தலைவர் பேசுவார். உறுப்பினர்கள் மேசையைத் தட்டுவார்கள். கொறடா யாரும் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்வார். ஆனால் எதைப் பற்றி அந்தப் பேச்சு, எதற்கு அந்தத் தட்டு என்பதெல்லாம் என் அறைச் சுவரில், பச்சைத் துணி ஒட்டிய பலகையில், குத்தூசியில் தொங்கும் அட்டைகளில் இருக்கும். ஒரு பிரச்சினைக்கு ஓர் அட்டை. முதல் மூன்று அட்டைக்குத்தான் உயிர், நாலாவதிலிருந்து எல்லாம் ஒப்புக்குத்தான். அலுவலகத்தில் என்னைப் 'பட்டியல்காரர்' என்றே கூப்பிடுவார்கள். என் சொந்தப் பெயர் சம்பளப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்தொடர் இல்லாத நாளில் ஒரு நல்ல விஷயம் கைக்கு வந்தால் அதை வெளியே விட மாட்டோம். விட்டால் பத்திரிகையில் ஒரு நாள் வரும். மறுநாள் அமைச்சர் ஆளனுப்பிச் சரிசெய்துவிடுவார். மூன்றாம் நாள் அவரே வந்து நின்று படம் எடுத்துக்கொள்வார். பாடுபட்டது நாம், பேர் அவருக்கு. அதனால் அவை கூடும் நாள் வரை அந்த விஷயத்தை என் மேசையின் கடைசி இழுப்பறையில் வைத்திருப்போம். கோழி முட்டையை அடைக்கு வைப்பது போல என்று கொறடா ஒருமுறை சொல்லிச் சிரித்தார். அன்றிலிருந்து அந்த இழுப்பறைக்கு 'அடை' என்றே பெயர். வழக்கத்தை நான் கண்டுபிடிக்கவில்லை. எனக்கு முன்னால் இருந்தவரும் இப்படித்தான் செய்தார்.

மேஸ்திரி முதல்முதலில் வந்தது ஒரு மாதம் மூன்றாம் தேதி. ரயில் தண்டவாளங்களுக்கு மேலே போகும் நடைபாலங்களைப் பராமரிக்கிற ஆள். ஐம்பது வயதிருக்கும், கைவிரல் இடுக்கெல்லாம் துருக்கறை. குடியிருப்புகளிலிருந்து ஆஸ்பத்திரிப் பக்கம் போகிற பெரிய பாலத்தின் அடியில் எடுத்த ஒன்பது புகைப்படங்களையும், தன் நோட்டின் நகலையும் என் மேசையில் பரப்பினார். தாங்கு சட்டத்தைப் பிடித்திருக்கும் திருகாணிகளைத் துரு அரித்து, பாதிதான் மிச்சம் இருந்தது. மேலதிகாரியிடம் மூன்று முறை எழுதிக் கொடுத்தும் ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லையாம்.

"எவ்வளவு நாள் தாங்கும்?" என்று கேட்டேன்.

"ஒரு மாசம் தாங்கும் சார். அதுக்கு மேல நான் சத்தியம் பண்ண மாட்டேன். காலையில வேலைக்குப் போற கூட்டம் ஏறும்போது கீழ நின்னு பாருங்க, துரு உதிர்ந்து தலையில கொட்டும்."

"இன்னொரு பாலத்தையும் நோட்டில எழுதியிருக்கீங்களே?"

"அது மில் பக்கத்துச் சின்னப் பாலம். அதே வருஷம் கட்டினது, அதே கோளாறு. கூட்டம் கம்மி, அதனால இதைவிட நாலு மாசம் கூடவே தாங்கும். முதல்ல இதைப் பாருங்க சார், புண்ணியமாப் போகும்."

கூட்டத்தொடர் இருபத்தெட்டாம் தேதி தொடங்குவதாக இருந்தது. இருபத்தைந்து நாள். மேஸ்திரி கொடுத்த கெடுவுக்குள் வருகிறது. அட்டையில் 'ஆஸ்பத்திரி நடைபாலம்' என்று எழுதி, பலகையில் முதலிடத்தில் குத்தினேன். அதைக் கவனியுங்கள், ஐயா. நான் அதை ஒதுக்கவில்லை, அலட்சியப்படுத்தவில்லை. விலைவாசியையும் வேலையின்மையையும் கீழே தள்ளிவிட்டு அதை மேலே வைத்தேன். படங்களையும் நகலையும் அடையில் வைத்துப் பூட்டினேன்.

மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனேன். அம்மா போன பிறகு எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. பதினோரு வருஷமாக, பக்கத்து வீட்டுத் தோழியோடு அந்தப் பாலத்தின் மேல்தான் நடந்து போவாள். அந்தத் தோழிக்கு அக்கா வைத்த பெயர் வாயாடி. இரண்டு பேரும் படியேறும்போது ஆரம்பித்த பேச்சு சலவை இயந்திரம் சுற்றும் வரை ஓயாது. அக்காவுக்கு ஒரு மாதத்துக்குப் பஸ் பாஸ் வாங்கிக் கொடுத்தேன்.

"இது எதுக்குடா? பாலம் கல்லுமாதிரி இருக்கும்போது நான் ஏன் ஊரைச் சுத்திட்டுப் போகணும்?"

"முட்டி வலிக்குதுன்னு சொன்னேல்ல. கொஞ்ச நாள் படி ஏறாதே. என் மேல ஆணையா ஏறாதே."

"தம்பிக்கு என்னைக்கும் இல்லாத கரிசனம்!" என்று சிரித்தாள். ஆனால் பஸ்ஸிலேயே போனாள். நான் சொன்னால் தட்ட மாட்டாள். வாயாடியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளிடம் சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரி. அப்புறம் விஷயம் அடையில் நிற்காது.

இருபதாம் தேதி மேஸ்திரி மறுபடியும் வந்தார். ஒரு திருகாணி உடைந்து தண்டவாளத்தில் விழுந்து கிடந்ததாம், கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். கயிறு கட்டிப் பாலத்தைத் தானே மூடிவிடப் போவதாகச் சொன்னார். எனக்கு அது சரியாகப் படவில்லை. மூடிவிட்டால் அமைச்சர் ஒரே வாரத்தில் பழுதுபார்த்துவிடுவார், முதல் அட்டை வெறும் காகிதமாகிவிடும்.

"அவசரப்படாதீங்க. நாங்க துறைக்குச் சொல்லிட்டோம். வர்ற வியாழக்கிழமை இன்ஜினியர் நேர்ல வர்றார். நடுவுல நீங்க கயிறு கட்டினா உங்க வேலைக்குத்தான் ஆபத்து" என்றேன்.

நாங்கள் யாருக்கும் எதையும் சொல்லியிருக்கவில்லை. மேஸ்திரி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "இப்பத்தான் சார் சோறு இறங்கும்" என்றார். அந்தத் திருகாணியை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். கனமாக இருந்ததால் காகிதம் பறக்காமல் இருக்க வைத்துக்கொண்டேன்.

இருபத்துநாலாம் தேதி, கூட்டத்தொடரை அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதிக்குத் தள்ளிவைத்தார்கள். என்ன காரணமோ, அரசாங்கம் சொல்லவில்லை. ஒன்பது நாள் கெடுவைத் தாண்டிவிட்டது. நான் யோசிக்காமல் இல்லை. ஆனால் இந்த மாதிரி ஆட்கள் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள், பயமுறுத்தினால்தானே வேலை நடக்கும். அதனால் அட்டையை அசைக்கவில்லை. அக்காவின் பாஸை மட்டும் இன்னொரு மாதத்துக்குப் புதுப்பித்தேன்.

ஒன்றாம் தேதி மேஸ்திரி போன் செய்தார். "வியாழன் வந்துச்சு, போச்சு. யாரும் வரலியே சார்?" என்றார். அடுத்த வியாழன் காலை ஏழரைக்குக் கட்டாயம் வருவார், நீங்களே நின்று காட்டுங்கள் என்றேன். சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்ன நேரம் அது.

அந்த வியாழன் ஏழாம் தேதி. மேஸ்திரி துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, நோட்டும் கையுமாகப் பாலத்தின் நடுவில் நின்றிருந்தாராம். இன்ஜினியர் வருவார் என்று, வருகிறவர்களை நாலு நாலு பேராக விட்டுக்கொண்டிருந்தாராம். எட்டு மணிக்குக் கூட்டம் அதிகமாகி, அவர் சொல்லை யாரும் கேட்கவில்லை. பாலம் எட்டு ஐந்துக்கு விழுந்தது. முப்பத்தொரு பேர். மேஸ்திரியையும் சேர்த்து.

செய்தி வந்தபோது நான் முதலில் நினைத்ததை மறைக்காமல் எழுதுகிறேன். ஐந்து நாள் முந்திவிட்டதே என்று நினைத்தேன். மனசு கனத்துப் போனது, அதையும் சொல்லிவிடுகிறேன். மேஸ்திரி நல்ல மனுஷர்.

அன்று மத்தியானமே, பாலத்தின் நிலையை எச்சரித்து அமைச்சருக்குக் கட்சி எழுதியதாக ஒரு கடிதம் தயார்செய்து, அதில் போன மாதம் ஐந்தாம் தேதியைப் போட்டேன். தலைவருக்கு அது அன்று எழுதியது என்று தெரியாது, பாவம், அவரை விட்டுவிடுங்கள். பன்னிரண்டாம் தேதி அவர் அவையில் அந்தக் கடிதத்தைத் தூக்கிப் பிடித்தார். 'நாங்கள் கதறினோம், நீங்கள் காது கொடுக்கவில்லை' என்றார். அப்படி ஒரு கடிதம் வரவே இல்லை என்று அமைச்சர் சொன்னதை அவருடைய கட்சிக்காரர்களே நம்பவில்லை. நாலாம் நாள் ராஜினாமா செய்தார். என் இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒரு கூட்டத்தொடர் அமைந்ததில்லை. கொறடா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அக்கா அன்று மாலை என் வீட்டுக்கு வந்தாள். வாயாடியை அடக்கம் செய்து ஒரு வாரம் ஆகியிருந்தது. கடைசியாக வாயாடி சொன்னது, 'பஸ்ஸுல போற மகாராணி, கிழவி ஆயிட்டியாடி?' என்பதுதானாம். அதைச் சொல்லி அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல் மாதத்துப் பஸ் பாஸைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள்.

"இதுல நாலாந்தேதின்னு போட்டிருக்கு. உங்க தலைவர் காட்டின லெட்டர்ல அஞ்சாந்தேதி. அப்போ உனக்கு முன்னாடியே தெரியும்."

பாஸை என் பக்கம் தள்ளினாள்.

"லெட்டர் போடத் தெரிஞ்ச உனக்கு, ஒரு கயிறு கட்டத் தோணலியாடா? அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

அவளிடம் மட்டும் என்னால் பொய் சொல்ல முடிந்ததில்லை. அவள் பாஸை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். வாசலில் செருப்பை மாட்டும்போது, "எனக்குத் தம்பி கிடையாது" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். அந்தப் பாஸ் இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது. எனக்கு அவள் மேல் கோபமில்லை. அவளை நான் காப்பாற்றினேன், அது அவளுக்கு இப்போது தெரியாது.

ஆக, எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். பாலம் விழும் என்று தெரியும். மூட வந்தவரைத் தடுத்தேன். வராத ஆளை வருவான் என்று சொல்லி அவரை அங்கே நிற்க வைத்தேன். கடிதம் பொய்.

ஒரே ஒரு வேண்டுகோள். கூட்டத்தொடர் நேற்றோடு முடிந்துவிட்டது. இந்த வாக்குமூலத்தை இப்போது வெளியிட்டால் இரண்டு நாளில் ஆறிப்போகும், யாருக்கும் பிரயோஜனமில்லை. அடுத்த தொடர் எழுபத்தொரு நாள் கழித்துத் தொடங்குகிறது. அதுவரை பொறுங்கள். மேஸ்திரியின் நோட்டு நகலும் என் அடையில்தான் இருக்கிறது, சாவியைத் தருகிறேன், கடைசிப் பக்கத்தில் மில் பாலத்தின் விவரம் இருக்கும். பெரிய பாலம் விழுந்த பிறகு அதிகாரிகள் அதையும் வந்து பார்த்தார்கள். மேலே பெயிண்ட் பளபளவென்று இருந்ததால் சரியென்று எழுதிவிட்டுப் போனார்கள். அடியில் எங்கே பார்க்க வேண்டும் என்று மேஸ்திரிக்கும் எனக்கும்தான் தெரியும். அதற்கு அட்டை எழுதி, அடுத்த பட்டியலில் முதலிடத்தில் குத்திவிட்டுத்தான் இங்கே வந்தேன். பயப்பட வேண்டாம், நாள் எண்ணிப் பார்த்துவிட்டேன். மேஸ்திரி அதற்குச் சொன்ன ஐந்து மாசக் கெடு முடிய, அவை கூடுகிற அன்றைக்கும் இரண்டு நாள் மிச்சம் இருக்கிறது.