மாமா போட்ட சிஸ்டம்

அக்கா: இன்னும் அந்த வட்டம் சுத்திட்டேதான் இருக்கா?

தம்பி: சுத்துது, சுத்துது... இந்தக் கிழட்டு லேப்டாப்புல போய் மாமா இதை ஏத்தியிருக்காரே! இந்த மாடலுக்கு இந்த சிஸ்டம் ஒத்துவராதுன்னு கம்பெனிக்காரனே எழுதி வெச்சிருக்கான்.

அக்கா: ஒத்துவராதுன்னு சொன்னா உங்க மாமா விட்டுடுவாரா? என்னைக் கட்டிக்கும்போதும் எல்லாரும் அதைத்தானே சொன்னாங்க.

தம்பி: அது சரி...

அக்கா: நெட்ல எவனோ செஞ்சு வெச்சிருந்ததைத் தேடிப் பிடிச்சு ஏத்தினார். சோறு தண்ணி இல்லாம இதே மேஜையில கிடந்தார். ஏத்தி முடிச்சதும் 'அப்பாடா'ன்னு நாற்காலியில சாய்ஞ்சார்... அதோட சரி. அப்புறம் நாமதான் தூக்கினோம்.

தம்பி: ...விடுக்கா. அதை இப்போ எதுக்கு? என்னென்ன கோளாறுன்னு சொல்லு.

அக்கா: ஸ்பீக்கர்ல சத்தமே வராது. மூடி வெச்சாலும் தூங்காது. உள்ளே ஃபேன் உறுமிட்டே கிடக்கும்.

தம்பி: அதையெல்லாம் ஓட்டற டிரைவர் சாஃப்ட்வேர் இல்ல, அதான்.

அக்கா: டிரைவர் இல்லாமலா இவ்வளவு நாள் ஓடுச்சு?

தம்பி: கடிக்காதே! இதெல்லாம் தெரிஞ்ச கதைதான். போன்ல வேற என்னவோ சொன்னியே?

அக்கா: பேசினா டைப் பண்ணுமே, அது. ஆபரேஷன் பண்ணி கண்ணு ரெண்டையும் கட்டினதுலேர்ந்து என் வேலையே அதை வெச்சுதானே நடக்குது. வக்கீல் பேசி அனுப்புறதைப் போன்ல கேட்டு நான் திருப்பிச் சொல்வேன், இது டைப் பண்ணும். இப்போ நான் சொல்லாததையும் சேர்த்து டைப் பண்ணுதாம். வக்கீல் கத்துறார்.

தம்பி: சொல்லாததைன்னா?

அக்கா: வாடகைத் தகராறு நோட்டீஸ். நடுவுல 'நாற்காலியை இழுக்காதே, தரை கீறும்'னு வந்திருக்காம்.

தம்பி: ஐயோ, அது மாமா...

அக்கா: என்ன?

தம்பி: ஒண்ணுமில்ல. மாமா வாயில எப்பவும் வர்றதாச்சேன்னு...

அக்கா: கேட்டுக் கேட்டு என் வாயிலயும் வந்திருக்கும். இன்னொரு தடவை இப்படி வந்தா வேற ஆள் பார்த்துக்கறேன்னுட்டார். வேலை போயிடும்டா.

தம்பி: வேலையை அப்புறம் பார்க்கலாம். நான் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக வந்தவன். இது போற போக்குல. ஏற்கெனவே தேதியைத் தள்ளித் தள்ளிப் போட்டுட்டே. இன்னிக்கும் கட்டைப் பிரிக்கலைன்னா சீழ் பிடிச்சுடும்னு டாக்டர் சொல்லியாச்சு.

அக்கா: போகலாம்... போகலாம்டா. முதல்ல இதைப் பாரு.

தம்பி: இதோ, திறந்துடுச்சு. ஏதாவது பேசு.

அக்கா: என்ன பேச?

தம்பி: 'என்ன பேச'. அப்படியே எழுதிடுச்சு பாரு. இன்னும் பேசு.

அக்கா: என் தம்பி சின்ன வயசுல பல்லியைப் பார்த்தா கட்டில் மேல ஏறி நின்னு அலறுவான்.

தம்பி: 'நின்னு அலறுவான்'. வக்கீலுக்கு இதையும் அனுப்பு, மானம் போகட்டும். சரி, இப்போ ரெண்டு பேருமே பேசாம இருப்போம்.

அக்கா: ...

தம்பி: ...

அக்கா: என்னடா?

தம்பி: 'இன்னும் சாப்பிடலையா'ன்னு எழுதுது. நீ ஏதாவது முணுமுணுத்தியா?

அக்கா: வாயே திறக்கலையே.

தம்பி: பக்கத்து வீட்டு டிவியா இருக்கும். ஜன்னலைச் சாத்தறேன்.

அக்கா: பக்கத்து வீடு பூட்டிக் கிடக்குடா.

தம்பி: அப்போ உன் போன்தான். அணைச்சாச்சு. நெட்டையும் பிடுங்கியாச்சு, வெளியிலேர்ந்து எவனும் உள்ளே நுழைய முடியாது. மறுபடி சும்மா இரு.

அக்கா: ...

தம்பி: ...

அக்கா: எழுதுதா?

தம்பி: இ... இல்ல.

அக்கா: அப்புறம் எதுக்கு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினே?

தம்பி: கால் மரத்துப் போச்சு. இரு, மைக் ஓட்டையை விரலால மூடிப் பார்க்கறேன்... ம், மூடினா நின்னுடுது.

அக்கா: எழுதவே இல்லைன்னே. எது நின்னுடுச்சு?

தம்பி: அது... ஏதோ குப்பை. அரைகுறை எழுத்து. படிக்கறாப்ல இல்ல.

அக்கா: விரலை எடுத்தா?

தம்பி: எடுத்தா... எடுத்தாலும் ஒண்ணுமில்ல.

அக்கா: அந்தத் தண்ணி டம்ளரைத் தள்ளி வைடா. கை பட்டா கீபோர்டுல கொட்டிடும்.

தம்பி: ...டம்ளர் இங்க இருக்கறது உனக்கு எப்படித் தெரியும்?

அக்கா: நீ வெச்ச சத்தம் கேட்டுச்சு.

தம்பி: நான் வைக்கலையேக்கா. நான் வரும்போதே இங்கதான் இருந்துச்சு.

அக்கா: அப்போ நானே வெச்சிருப்பேன். மறந்துட்டேன்.

தம்பி: அக்கா... இந்த வீட்டுல இனி தனியா இருக்காதே. எங்களோட வந்துடு. என் பொண்டாட்டியும் கேட்டுட்டேதான் இருக்கா.

அக்கா: தனியாவா... ம். உன் குரல் ஏன் நடுங்குது?

தம்பி: எனக்கென்ன? நல்லாத்தான் இருக்கேன். பேசாம இதைச் சுத்தமா அழிச்சுட்டு, கம்பெனி கொடுத்த பழைய சிஸ்டத்தையே போட்டுடறேன். எல்லாம் சரியாயிடும்.

அக்கா: அவர் கடைசியா கை வெச்ச வேலைடா அது.

தம்பி: தெரியும். இருந்தாலும் வேண்டாம்க்கா. சொன்னாக் கேளு.

அக்கா: சரி, அழி. அதுக்கு முன்னாடி, கடைசியா என்ன எழுதியிருக்குன்னு மட்டும் படி.

தம்பி: 'கடைசியா என்ன எழுதியிருக்குன்னு மட்டும் படி'. நீ பேசினதுதான். வேறொண்ணும் இல்ல.

அக்கா: அதுக்குக் கீழே?

தம்பி: கீழே ஒண்ணுமே இல்லக்கா. வெறும் வெள்ளை. சத்தியமா.

அக்கா: 'கட்டைப் பிரிக்க விடாதே'ன்னு இருக்கும். மேலேயும் அதையேதான் திரும்பத் திரும்ப எழுதியிருக்கும். நான் பயந்துடுவேன்னு நீ படிக்கலை, நீ பயந்துடுவேன்னு நான் சொல்லலை. கண்ணைக் கட்டினதுலேர்ந்து உங்க மாமா குரல் என் காதோரமாவே கேட்டுட்டிருக்குடா. அது சொல்லித்தான் டாக்டர்கிட்ட தேதியைத் தள்ளிட்டே வந்தேன். எனக்கு மட்டும்தான் கேட்குதோ, புத்தி பிசகிடுச்சோன்னு பார்க்கத்தான் உன்னை இதுக்கு முன்னாடி உட்கார வெச்சேன். இதுல கோளாறு ஒண்ணுமில்ல, கேட்டதைத்தான் எழுதுது. அழிச்சா எழுதுறது நிக்கும்... பேசுறது நிக்காது. வா, கிளம்பலாம். கட்டைப் பிரிக்கும்போது எனக்கு நேர் எதிர்ல வந்து நில்லு. கண்ணைத் திறந்ததும் முதல்ல உன் முகம்தான் எனக்குத் தெரியணும்.