சுருதி ஏற்றியவன்

பயிற்சிக்கு நான் ஒருநாள்கூடத் தாமதமாக வந்தவன் இல்லை. இதை முதலில் பதிவு செய்துகொள்ளுங்கள். நாலு மணி என்றால் மூன்றே முக்காலுக்கே மூன்றாம் நம்பர் அறையைத் திறந்து, ஜன்னலைத் தள்ளிவிட்டு, கீபோர்டின் மேல் படிந்த கடல்மணலைத் துடைத்து, ஒயரெல்லாம் மாட்டி வைத்துவிடுவேன். மற்றவர்கள் சோளமாவுக் கென்கியும் பொரித்த மீனும் தின்ற கையோடு நாலரைக்கு வந்து சேர்வார்கள். கேட்டால் வழியில் நெரிசல் என்பார்கள். விடுதிக்கும் அந்த அறைக்கும் நடுவே இருப்பது ஒரு மாமரமும் இரண்டு ஆடுகளும்தான்.

டாக்டர் பென்டில் அம்மா, துறைத் தலைவர் என்ற முறையில் நீங்கள் விசாரணைக் கமிட்டியில் உட்கார்ந்து, "நடந்ததை நடந்தபடி எழுது எபோ, கதை விடாதே" என்று தாள் கொடுத்தீர்கள். அதன்படியே எழுதுகிறேன். எசினாம் அக்பெகோவின் குரல் எப்படிப் போனது என்பதுதானே உங்கள் கேள்வி. அவளுடைய தேர்வுக் கச்சேரிக்கு வாத்தியக் குழுவைக் கட்டிப் பதினோரு வாரம் பழக்கியவன் நான். என்னை விட்டால் இதைச் சொல்ல ஆள் கிடையாது.

எசினாம் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. போன வருஷம் என் தேர்வுக் கச்சேரியில் நடந்ததை இதோடு முடிச்சுப் போட வேண்டாம். அன்றைக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என் கீபோர்டில் சுருதி மாற்றும் பொத்தானை அணைக்கச் சொல்லிவிட்டு, அதே பாட்டை வேறு சுருதியில் வாசி என்றார். சர்ச்சில் வளர்ந்த கீபோர்டுக்காரர்கள் பலரைப் போல நானும் எல்லாப் பாட்டுக்கும் ஒரே இடத்தில் விரல் வைக்கிறவன். பாடுகிறவர் எங்கே எடுத்தாலும் மிச்சத்தைப் பொத்தான் பார்த்துக்கொள்ளும். பொத்தான் இல்லாமல் என் விரல்கள் சந்தையில் தொலைந்த பிள்ளை மாதிரி முழித்தன. முன்வரிசையில் எசினாம் சிரித்தாள். பெரிய சிரிப்பெல்லாம் இல்லை, மூக்கு வழியாக ஒரு சின்னக் காற்று. பிறகு வெளியே வந்து ஒரு பாட்டில் மால்ட் பானம் வாங்கிக் கொடுத்து, அடுத்த வருஷம் ஊதித் தள்ளிவிடுவீர்கள் அண்ணே என்று ஆறுதலும் சொன்னாள். அந்த மால்ட்டை நான் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். மனசில் எதையாவது வைத்துக்கொள்கிறவன் குடிப்பானா, சொல்லுங்கள்.

ஜனவரியில் அவளேதான் என்னைத் தேடி வந்தாள். "சர்ச்சுல நீங்க வாசிச்சாத்தான் எனக்குத் தைரியமா வருது எபோ அண்ணே. என் கச்சேரிக்கும் நீங்கதான்" என்றாள். நான் மறுக்கவில்லை. மறுத்தால் பொறாமை என்று பேசுவீர்கள்.

நாலு பாட்டு. கடைசிப் பாட்டு அவளே எவே மொழியில் கட்டியது, கழிமுகத்தில் மீனைப் புகையில் வாட்டுகிற தன் அம்மாவைப் பற்றி. அது ஓர் உச்ச சுரத்தில் போய் நிற்கும். அங்கே எட்டு எண்ணிக்கை மூச்சுப் பிடிக்க வேண்டும். அவள் குரலுக்கு அதுதான் கூரை, அதற்கு மேல் அரைக் கட்டைகூட இடமில்லை என்று முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. என்ன பாட்டு, என்ன சுருதி என்று ஜனவரியிலேயே அச்சடித்துக் கொடுத்துவிட வேண்டும், பிறகு மாற்றக் கூடாது என்பது உங்கள் சட்டம்தான். தேறினால் ஹோ நகரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பாட்டு ஆசிரியை வேலை. அந்தக் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தாள். தினம் ஒருதரம் எடுத்துப் பார்ப்பாள், எங்களுக்கும் காட்டுவாள். எல்லாரும் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தோம்.

குழுவில் பேஸ் கிட்டார் அட்சு, சாக்ஸபோன் லார்ட்டே, டிரம்ஸுக்கு ஒரு பையன். எங்கள் பக்கத்தில் கீபோர்டு கொடுப்பதுதான் சுருதி. அது ஒரு சுரம் கொடுக்கும், மற்றவர்கள் காதால் கேட்டுச் சேர்ந்துகொள்வார்கள். சுருதி பார்க்கிற கருவியைச் சட்டைப் பையில் வைத்திருப்பவனைக் காது இல்லாதவன் என்று கேலி செய்தே ஓட்டிவிடுவோம். சர்ச்சில் பழகிய பழக்கம் அது. நான் உண்டாக்கியது இல்லை.

கீபோர்டின் உள்ளே அடிப்படைச் சுருதியைக் குறிக்கிற ஓர் எண் இருக்கிறது. நானூற்று நாற்பது. உலகம் முழுக்க அதுதான் வழக்கம். அதைக் கூட்டினால் கீபோர்டு முழுவதும் மயிரிழை மயிரிழையாக மேலே போகும். இருபத்தாறு கூட்டினால் சரியாக அரைக் கட்டை. முதல் திங்கட்கிழமை நான் இரண்டு கூட்டினேன். சும்மா ஒரு சோதனை. அட்சு கேட்டுக் கம்பியை முறுக்கிக்கொண்டான். லார்ட்டே ஊதுவாயைச் சற்றே உள்ளே தள்ளிக்கொண்டான். எசினாம் பாடினாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

அடுத்த திங்கள் இரண்டு. அதற்கடுத்த திங்கள் மூன்று. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுமையைக் கூட்டித்தானே மூட்டை தூக்குகிறவனின் கழுத்து பலப்படுகிறது. குரலும் கழுத்தில்தானே இருக்கிறது. இதைப் பயிற்சி என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது.

ஆறாவது வாரம் அவள் தொண்டையைச் செருமத் தொடங்கினாள். கழுத்து நரம்பு கயிறாகத் தெரிந்தது. தேன், எலுமிச்சை என்று எதையெதையோ குடித்தாள். லார்ட்டே தன் அம்மா இடித்துக் கொடுத்த இஞ்சிச் சாற்றைக் குடுவையில் கொண்டுவந்து கொடுத்தான். நல்ல பையன்தான், காது மட்டும் கொஞ்சம் அதிகம். தன் சாக்ஸபோன் நாளுக்கு நாள் இறங்குகிறது, ஊதுவாயை இதற்கு மேல் தள்ள இடமே இல்லை என்று புலம்பினான். ஊதுவாயில் மாட்டுகிற நாணல் பழசு, மாற்று என்றேன். மாற்றினான். இன்னொன்றும் மாற்றினான். கடைசியில் தன் உதட்டையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டான், பாவம்.

நான் இரக்கமில்லாதவன் இல்லை. எல்லார் முன்னாலும் எசினாமைக் கேட்டேன், கடைசிப் பாட்டை அரைக் கட்டை இறக்கிக்கொள்ளலாமா என்று.

"அச்சடிச்சுக் கொடுத்தாச்சே அண்ணே. இறக்கினா கேள்வி கேப்பாங்க. நான் ஏறிக்கிறேன்" என்றாள்.

கவனியுங்கள். ஏறிக்கொள்கிறேன் என்றது அவள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் அவள் குரல் தண்ணீராக ஓடியது. சர்ச் கீபோர்டின் எண்ணை நான் தொடவில்லை. அது தேவனுடைய சொத்து, எனக்கும் பயம் உண்டு. அவள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசித்திருக்கிறாள். "சர்ச்சுல வருது, மூணாம் நம்பர் ரூம்ல வர மாட்டேங்குது. அந்த ரூம்ல ஏதோ இருக்கு அண்ணே" என்று என்னிடம் சொல்லி அழுதாள். இருந்தது உண்மைதான். ஆனால் அவள் தேடிய இடம் வேறு. வாத்தியத்தைச் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவேயில்லை. பேயைச் சந்தேகப்படத் தோன்றியது. நாலு வருஷம் இங்கே நீங்கள் சொல்லிக்கொடுத்த லட்சணம் இது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எட்டாவது வாரம் நான் ஒரு தப்புச் செய்தேன். ஒத்திகை நடுவே மின்சாரம் போனது. எங்கள் ஊரில் அது செய்தியே இல்லை. கால் மணியில் திரும்ப வந்தது. ஆனால் முறையாக அணைக்காமல் மின்சாரம் நின்றால் அந்தக் கீபோர்டு தானாக நானூற்று நாற்பதுக்குப் போய்விடும். வழக்கமாக உடனே சரிசெய்துவிடுகிறவன், அன்றைக்கு மறந்துபோனேன். அட்சு வழக்கம்போல ஒரு வார்த்தை கேட்காமல் கம்பியைத் தளர்த்திக்கொண்டான். எசினாம் கடைசிப் பாட்டை எடுத்தாள். அம்மா, நான் நேர்மையாகச் சொல்கிறேன், அப்படி ஒரு பாட்டை இந்தத் துறையில் யாரும் பாடிக் கேட்டதில்லை. எட்டு எண்ணிக்கையையும் தாண்டிப் பத்து நின்றாள். டிரம்ஸ் பையன் குச்சியைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினான். அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்குக் காது இருக்கிறது, எனக்கும் கண் கலங்கியது. அந்தப் பாட்டு அப்படியே மேடை ஏறினால் என்ன ஆகும் என்றும் தெரிந்தது.

சாமானைக் கட்டும்போது லார்ட்டே பக்கத்தில் வந்தான். "மாஸ்டர், கரண்ட் போயிட்டு வந்தா என் சாக்ஸுக்குச் சுருதி சேருது. கரண்ட்டுக்கும் என் குழாய்க்கும் என்ன சொந்தம்?" என்றான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். நாளைக்குச் சுருதிக் கருவி ஒன்று இரவல் வாங்கி வருகிறேன், கேலி செய்தாலும் பரவாயில்லை என்றான்.

ஆகவே நான் நேரே எங்கள் சர்ச் பாஸ்டர் ஒஃபோசுவிடம் போய், எசினாமுக்காக ஜெபிக்கக் கேட்டேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அறையில் மட்டும் குரல் அடைக்கிறது என்றேன். குழுவில் ஒருவன் வாயால் ஊதுகிறவன் என்றேன். அவன் கொடுக்கிற சாற்றை அவள் குடிக்கிறாள் என்றேன். மூன்றும் உண்மை. மறுநாள் உடம்புக்கு முடியவில்லை என்று பயிற்சியையும் அந்த வாரத்துக்கு நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் அவள் தலையில் கை வைத்து, மூச்சால் வாசிக்கிற ஒருவன் உன் மூச்சை உறிஞ்சுகிறான் மகளே என்று தீர்க்கதரிசனம் உரைத்தார். அந்த நேரத்தில் பின்னணியில் நான் மெல்லமாக வாசித்துக்கொண்டிருந்தேன். சபையில் பலர் அழுதார்கள். வாசிப்பு உருக்கமாக இருந்தது என்று இரண்டு பேர் தேடி வந்து சொன்னார்கள்.

திங்கட்கிழமை லார்ட்டே கையில் கருவியோடு வந்தான். எசினாம் அவனை வாசல்படி தாண்ட விடவில்லை. அவன் சுற்றிக்கொண்டு மாமரத்தடிக்கு வந்து ஜன்னல் வழியாகக் கூப்பிட்டான்.

"எசினாம், என்னை அடிச்சுக்கூடத் துரத்து. ஆனா அந்தக் கீபோர்டை ஒருதரம் பாரு."

அவள் போய் ஜன்னலைச் சாத்தினாள். நான் சாத்தவில்லை. அதற்குள் அந்த வாரத்து எண்ணைக் கூட்டி வைத்திருந்தேன்.

கச்சேரி நாளுக்குள் இருபத்தாறும் ஏறிவிட்டது. என் திட்டத்தை நீங்கள் நம்ப வேண்டும். அன்று காலையில் எண்ணைப் பழையபடி இறக்கிவிடுவதாகத்தான் இருந்தேன். இத்தனை வாரம் கல்லைக் கட்டிக்கொண்டு ஓடியவள் கல் இல்லாமல் பறப்பாள், எல்லாரும் வாய் பிளப்பார்கள், பழக்கியவன் யார் என்று கேட்பார்கள். எண்ணைக் குறைக்கிற பொத்தானில் விரல்கூட வைத்துவிட்டேன்.

அப்போது தேர்வாளர்கள் உள்ளே வந்தார்கள். போன வருஷம் வந்த அதே மனிதர். கடந்து போகிறபோது என் கீபோர்டைப் பார்த்து, பொத்தான் பத்திரமாக இருக்கிறதா தம்பி என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள் அம்மா. எசினாமும் சிரித்தாள், மூக்கு வழியாக. பதற்றத்தில் சிரித்திருப்பாள், நான் குறை சொல்லவில்லை.

நான் எண்ணை இறக்கவில்லை. அவர் கேலி செய்த அந்தச் சுருதி மாற்றும் பொத்தானையும் மேல்பக்கமாக ஒருதரம் அழுத்தினேன். இன்னோர் அரைக் கட்டை. கம்பி தெறித்துவிடும்போல இருக்கிறது என்று அட்சு முணுமுணுத்தான். புதுக் கம்பி அப்படித்தான் என்றேன்.

மூன்று பாட்டை அவள் எப்படியோ கரையேற்றினாள். நாலாவதில் கடைசி சுரத்துக்குப் போனாள். போய்த் தொட்டுவிட்டாள் என்பதுதான் ஆச்சரியம், மனுஷக் குரல் தொடக் கூடாத இடம் அவளுக்கு அது. ஐந்தாவது எண்ணிக்கையில் துணி கிழிவதுபோல ஒரு சத்தம். பிறகு வாய் மட்டும் திறந்திருந்தது. நான் எட்டையும் வாசித்து முடித்தேன். என் பங்கில் குறை வைக்கவில்லை. அவள் கைக்குட்டையில் இரத்தம் இருந்தது என்று பிறகு சொன்னார்கள்.

குரல் நாண் கிழிந்து தழும்பாகிவிட்டது, இனிப் பாட முடியாது, பேச்சு வந்தாலே பெரிது என்று டாக்டர் சொன்னார். ஹோ பள்ளி நாகரிகமாக ஒரு கடிதம் எழுதியது. நான் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அவள் நோட்டில் எழுதிக் காட்டினாள்: "எல்லாரும் நிறுத்திட்டாங்க. நீங்க மட்டும்தான் கடைசி வரைக்கும் வாசிச்சீங்க அண்ணே." எனக்கு மனசு நிறைந்துபோனது. இதையெல்லாம் சொல்லாமலே இருந்திருப்பேன்.

ஆனால் நீங்கள் லார்ட்டேயைப் பிடித்திருக்கிறீர்கள். இஞ்சிச் சாற்றில் எதையோ கலந்தான் என்று அவனை விடுதியிலிருந்து வெளியேற்றியாயிற்று. முதல் வருஷப் பிள்ளைகள் அவனைக் கண்டால் பாதை மாறிப் போகிறார்கள். ஒரே மூச்சில் ஒரு குரலை எடுத்தவன் என்று சாப்பாட்டுக் கூடத்தில் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. தன் சாக்ஸபோன் இறங்குகிறதா, மற்றது ஏறுகிறதா என்று எட்டு வாரம் தெரியாமல் திண்டாடியவன் அவன். அவனுக்கா இந்தப் பெயர்?

செய்தது நான். தனியாக, பதினோரு வாரம், இசை படித்த இத்தனை காதுகளுக்கு நடுவே, ஒரு முழுக் கட்டை ஏற்றினேன். உங்களில் ஒருவருக்கும் கேட்கவில்லை. என்னுடைய தேர்வு போன வருஷத்திலிருந்து நிலுவையில் இருக்கிறது. இதையே என் தேர்வுக் கச்சேரியாக எடுத்துக்கொண்டு, உரிய மதிப்பெண் போடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.