தலைப்பிள்ளையின் பெயர்

1941 ஜூன் 18, புதன்கிழமை பிற்பகல், பாக்தாத். இம்மாதத் தொடக்கத்தில் யூதத் தெருக்களைக் கும்பல் சூறையாடியது. கூர்ஜியாவின் தலைப்பிள்ளைக்கு நாளைக் காலை விருத்தசேதனமும் பெயர்சூட்டலும். உடனிருப்பவர், அவள் கணவன் எஸ்கேலின் தந்தை மெனாஷே.

— அப்ப, என் பேர் உனக்கு ஆகாது.

— அப்படிச் சொல்லல மாமா.

— மூக்கு மட்டும் என் மூக்கு. பாரு, தூங்கும்போதுகூட எப்படி நிமிர்ந்து நிக்குதுன்னு.

— அந்த மூக்கைத்தான் நானும் பயந்து பயந்து பார்க்கறேன்.

— கிண்டலா? தலைப்பிள்ளைக்குத் தாத்தா பேர். நம்ம வழக்கம் அதுதானே. உன் அப்பாவுக்கு ஆசையோ?

— அவர் ஒண்ணும் கேக்கல.

— கேட்டாலும் அவர் பேர் ரெண்டாவது பையனுக்குத்தான்.

— ரெண்டாவது எங்கேர்ந்து மாமா வரும்?

— ... எஸ்கேல் பஸ்ராவுலேர்ந்து வரட்டும். வழி இன்னும் சரியாகலேன்னு சொன்னேனே...

— சொன்னீங்க.

— சூப்பு ஆறுது. குடி. பால் ஊற வேண்டாமா?

— மாமா, எஸ்கேல்னு வைங்க.

— பைத்தியமா உனக்கு? அப்பன் உயிரோட இருக்கறப்ப அவன் பேரையே பிள்ளைக்கு வைப்பாங்களா? அது அப்பன் செத்துப்போன பிள்ளைக்கு...

— தெரியும்.

— கூர்ஜியா...

— கதவை உடைச்சாங்க. மொட்டைமாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் என்னை இறக்கிவிட்டுட்டு, அவர் படிக்கட்டுல போய் நின்னார். 'திரும்பிப் பார்க்காதே'ன்னார்.

— பார்த்தியா?

— பார்த்தேன்.

— ... இத்தனை நாளா ஏம்மா வாயே திறக்கல?

— நீங்க வந்து பஸ்ரான்னு சொன்னீங்க. யாரோ உங்களை ஏமாத்திட்டாங்கன்னு நெனச்சேன். மகன் இருக்கான்னு நம்பி ரெண்டு வாய் சாப்பிடறீங்க. அதை எப்படிக் கெடுக்க?

— என்னை யாரும் ஏமாத்தல.

— மாமா...

— பஸ்ரா நான் கட்டின கதை. அதிர்ச்சியில பிள்ளைக்கு ஆபத்துன்னு மருத்துவச்சி சொன்னா. எல்லாரையும் ஒரே குழியில போட்டாங்க. எஸ்கேலை நான்தான் கையில ஏந்தி இறக்கினேன். நாளைக் காலையில 'எஸ்கேல் மகன் எஸ்கேல்'னு சபையில கூப்பிடச் சொல்றேன். விருந்து முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் நாம ரெண்டு பேரும் தரையில உட்கார்ந்து துக்கம் காப்போம்.