கரி வந்தால் ஆக்கள் வருவினம்

மூதூருக்குப் போகும் லாஞ்சிப் படகில் எனக்கு முன்னால் இருந்த அம்மா, "கரி வந்தா எனக்குச் சந்தோசம்" என்றார். பக்கத்தில் வலையை மடியில் வைத்திருந்த மீன்காரர் திடுக்கிட்டுத் திரும்பினார். கொட்டியாரக் குடாக் கரையில் நிலக்கரி மின்நிலையம் கட்டப் போகிறார்கள் என்று எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கும் அதே கதைதான்.

"என்னக்கா சொல்றீங்க? புகையும் சாம்பலும் விழுந்தா கடல்ல மீன் நிக்குமா?"

"எண்ணெய் விலை ஏறிப்போச்சு. மழையை மட்டும் நம்பிக் கரண்ட் எடுக்க ஏலாதெண்டு ரேடியோவில சொல்லுறாங்கள்."

"கரிக்கெண்டு ஒங்கட வீடு வளவையும் எடுப்பாங்க."

"எடுக்கட்டும் தம்பி. அவர் செத்துப்போனார். பிள்ளையள் ரெண்டும் வெளிநாட்டில. வாய் திறந்து கதைக்கிறதெண்டா நான் இந்த லாஞ்சியில ஏறித்தான் கதைக்கோணும். வளவை எடுத்தா வேற இடத்தில வீடு தருவினம். பக்கத்தில சனம் இருக்கும்."

மீன்காரர் மடியிலிருந்த வலையைச் சுருட்டினார். இறங்குதுறை தெரியத் தொடங்கியதும் அவர் மெதுவாகச் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகைக்குப் பொறகு, கரி வேணாமெண்டு கூட்டம் வெச்சிருக்கிறம். ஒங்களைக் கூப்பிடத்தான் நெனச்சிருந்தன்."

"கனபேர் வருவினமோ?"

"ஊரே வரும்."

"இருந்து கதைக்கலாமோ?"

"ஓம் அக்கா. தேத்தண்ணியும் ஊத்துறம்."

அந்த அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்தார்.

"அப்ப நானும் வாறன் தம்பி."